அமாக்சிசிலின் கொடுக்கும்போது நர்ஸ் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "வார்டில் அமாக்சிசிலின் கொடுக்காத நாளே இல்லை. நேரத்துக்கு மாத்திரையைக் கொடுக்கிறோம், சார்ட்டில் கையெழுத்துப் போடுகிறோம். இந்த மருந்துக்கென்று தனியாக வேறு என்ன கவனிக்க வேண்டும்? டிஸ்சார்ஜ் ஆகும் நோயாளியிடம் என்ன சொல்லி அனுப்ப வேண்டும்?"

தினமும் கையில் புழங்கும் மருந்து என்பதாலேயே இதைக் கேட்க வேண்டியிருக்கிறது. அரிதான மருந்து என்றால் நாமே நாலு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்போம். அமாக்சிசிலினை அப்படிப் பார்ப்பதில்லை. பல வருடம் மெடிக்கல் வார்டில் வேலை பார்த்து, மாணவிகளுக்குச் சொல்லியும் கொடுத்த பிறகு எனக்கு உறுதியாகத் தோன்றுவது ஒன்றுதான். இந்த மருந்தைப் பொறுத்தவரை நர்ஸின் வேலையில் பாதி, முதல் டோஸ் வாய்க்குள் போவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. நோயாளியிடம் நாம் கேட்கும் கேள்வியில் அது இருக்கிறது. அதனால் அதைப் பற்றித்தான் கொஞ்சம் அதிகமாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் மருந்தைப் பற்றிச் சுருக்கமாக. அமாக்சிசிலின் பென்சிலின் குடும்பத்தைச் சேர்ந்தது. 1970களின் தொடக்கத்தில் புழக்கத்துக்கு வந்தது. பாக்டீரியா தன்னைச் சுற்றிச் சுவர் கட்டிக்கொள்வதை இது தடுக்கிறது. சுவர் பலவீனமானதும் பாக்டீரியா வெடித்துச் சாகிறது. நம் உடம்பின் செல்களுக்கு அப்படி ஒரு சுவரே கிடையாது, அதனால்தான் மருந்து நமக்கு அவ்வளவாகத் தீங்கு செய்வதில்லை. வைரஸுக்கும் அந்தச் சுவர் இல்லை. ஆகவே ஜலதோஷத்துக்கும் ஃப்ளூவுக்கும் இது எந்தப் பலனும் தராது. உடம்பில் இதன் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் உள்ள மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம், சுமார் ஒரு மணி நேரம்தான். பெரும்பகுதி மாறாமல் அப்படியே சிறுநீரில் வெளியேறிவிடும். பெரியவர்களுக்கு 500 மி.கி. எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, அல்லது 875 மி.கி. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று எழுதுவதற்குக் காரணம் இதுதான். எட்டு மணி நேரம் என்று எழுதியதை "காலை, மதியம், ராத்திரி" என்று நம் வசதிக்கு மாற்றினால் இரவு டோஸுக்கும் காலை டோஸுக்கும் நடுவே பன்னிரண்டு மணி நேர இடைவெளி விழுந்துவிடும். அந்த நேரத்தில் மிச்சமிருக்கும் பாக்டீரியா நிம்மதியாகப் பெருகும். வார்டில் டோஸ் நேரத்தைச் சரியாகப் பிரித்து வைப்பது நம் பொறுப்பு.

சரி, இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன்.

"ஏதாவது மருந்து அலர்ஜி உண்டா?" என்று போகிற போக்கில் கேட்டால் பெரும்பாலானவர்கள் "இல்லை" என்று சொல்லிவிடுவார்கள். பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்தவருக்குக்கூட அமாக்சிசிலினும் பென்சிலின்தான் என்பது தெரிந்திருக்காது. மாத்திரையின் வணிகப் பெயரை மட்டும் வைத்து அதைக் கண்டுபிடிக்கவும் முடியாது. அதனால் கேள்வியை உடைத்துக் கேளுங்கள். இதற்கு முன் பென்சிலின் ஊசியோ ஆன்டிபயாட்டிக் மாத்திரையோ எடுத்தபோது உடம்புக்கு ஏதாவது ஆச்சா? என்ன ஆச்சு? மருந்து எடுத்து எவ்வளவு நேரத்தில் ஆச்சு? அது நடந்து எத்தனை வருடம் இருக்கும்? அப்போது ஊசி போட்டார்களா, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்களா? கடைசியாக, பலர் கேட்க மறந்துவிடும் கேள்வி ஒன்று: அதற்குப் பிறகு எப்போதாவது இதே வகை மருந்தை எடுத்து ஒன்றும் ஆகாமல் இருந்ததுண்டா?

இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதில் சில சமயம் கதையையே மாற்றிவிடும். சின்ன வயதில் பென்சிலின் அலர்ஜி என்று யாரோ சொன்னதை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பவர், போன வருடம் பல் வலிக்கு அமாக்சிசிலின் எடுத்து எந்தத் தொந்தரவும் இல்லாமல் குணமாகியிருப்பார். டாக்டருக்கு இது பெரிய தகவல்.

இன்னொரு பக்கமும் உண்டு. "பென்சிலின் எடுத்தால் எனக்கு வயிற்றைப் புரட்டும்", "வயிற்றால் போகும்" என்பதெல்லாம் பக்க விளைவு, அலர்ஜி இல்லை. அதைக் கேட்டுவிட்டு கேஸ் ஷீட்டின் மேல் சிவப்பு மையில் "பென்சிலின் அலர்ஜி" என்று எழுதிவிட்டால், அந்த மனிதர் ஆயுள் முழுக்க அந்த முத்திரையோடு அலைய வேண்டியதுதான். ஒவ்வொரு முறையும் அவருக்கு நல்ல, எளிய மருந்து மறுக்கப்படும். அதற்குப் பதிலாகக் குடலில் உள்ள நல்ல பாக்டீரியாவையும் சேர்த்து அழிக்கும் மருந்துகள் போகும். பென்சிலின் அலர்ஜி என்று பதிவான நோயாளிகளை முறையாகப் பரிசோதித்துப் பார்த்தால் பத்தில் ஒன்பது பேருக்கு அந்த மருந்தைக் கொடுக்க முடிகிறது. உண்மையிலேயே உடனடி அலர்ஜி இருந்தவர்களிலும் பத்து வருடத்தில் சுமார் 80 சதவீதம் பேருக்கு அது மங்கிவிடுகிறது. ஆனால் மருந்தைத் திரும்பக் கொடுத்துப் பார்க்கலாமா என்பது டாக்டர் எடுக்க வேண்டிய முடிவு. நம் வேலை, நோயாளி சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுவது. "பென்சிலின் அலர்ஜி" என்ற இரண்டு சொல்லை விட, "2015இல் ஊசி போட்ட பத்து நிமிடத்தில் உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சிரைப்பு, ஆஸ்பத்திரியில் ஒரு நாள்" என்ற ஒரு வரி எத்தனையோ மடங்கு உதவும்.

பென்சிலினுக்குக் கடுமையான அலர்ஜி இருந்தவருக்கு, அதற்கு நெருங்கிய இன்னொரு ஆன்டிபயாட்டிக் குடும்பமான செஃபலோஸ்போரின் எழுதியிருந்தாலும் கொடுப்பதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இரண்டுக்கும் இடையே ஒவ்வாமை தாவுவது முன்பு நினைத்ததைவிட மிகக் குறைவு என்று இப்போது தெரிகிறது. ஆனாலும் செஃபலெக்சின், செஃபட்ராக்சில் போன்ற சில மருந்துகளின் வேதி அமைப்பில் ஒரு பகுதி அமாக்சிசிலினை ஒத்திருப்பதால் அவற்றில் மட்டும் கூடுதல் கவனம் தேவை.

அடுத்தது முதல் டோஸ். ஊசியாகப் போகும்போது முதல் சில நிமிடங்கள் கட்டிலை விட்டு நகராதீர்கள். டெஸ்ட் டோஸ் போட்டு ஒன்றும் ஆகவில்லை என்பதற்காக இதைத் தளர்த்த வேண்டாம். அது முழு உத்தரவாதம் இல்லை. வாய் வழியாகக் கொடுத்தால் எதிர்வினை சற்றுத் தாமதமாகவும் வரலாம், பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள். நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். நடுத்தர வயதுக்காரர், நிமோனியா, முதல் டோஸ் ட்ரிப்பில் ஓடிக்கொண்டிருந்தது. "உள்ளங்கை அரிக்குது சிஸ்டர்" என்றார். உடம்பில் தடிப்பு எதுவும் இல்லை, பிபி சரியாக இருந்தது. ஆனால் முகத்தில் ஒரு பதற்றம். "என்னமோ பண்ணுது" என்று எழுந்து உட்காரப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மாணவி ட்ரிப்பை உடனே மூடிவிட்டுக் குரல் கொடுத்தாள். நாங்கள் அட்ரினலினை எடுத்து வருவதற்குள் கழுத்தில் தடிப்பு ஏறி, மூச்சில் விசில் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. அவர் பிழைத்ததற்குக் காரணம், உள்ளங்கை அரிப்பை அந்தப் பெண் சாதாரணமாக நினைக்காததுதான். உள்ளங்கை, உள்ளங்கால், உச்சந்தலை அரிப்பு, தொண்டையில் ஏதோ அடைப்பதுபோல் இருப்பது, குரல் மாறுவது, திடீர் வயிற்று வலி, காரணம் சொல்லத் தெரியாத பயம், இவையெல்லாம் தடிப்புக்கு முன்பே வரலாம்.

வந்துவிட்டால் செய்ய வேண்டியது: மருந்தை நிறுத்துங்கள், ட்ரிப் செட்டை மாற்றுங்கள், ஆனால் கேனுலாவைப் பிடுங்கிவிடாதீர்கள். பிறகு அதன் வழியாகத்தான் சலைன் ஏற்ற வேண்டும். நோயாளியைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறல் அதிகமென்றால் சாய்ந்து உட்காரலாம். எக்காரணம் கொண்டும் எழுந்து நிற்கவோ பாத்ரூமுக்கு நடக்கவோ விடாதீர்கள். அந்த நொடியில் ரத்த அழுத்தம் சரிந்து உயிர் போன சம்பவங்கள் உண்டு. மருந்து அட்ரினலின்தான். ஒரு மி.லி.யில் 1 மி.கி. உள்ள ஆம்பியூலிலிருந்து பெரியவர்களுக்கு 0.5 மி.லி., தொடையின் நடுவில் வெளிப்பக்கத் தசையில். குழந்தைக்கு எடையில் கிலோவுக்கு 0.01 மி.கி. குணம் தெரியாவிட்டால் ஐந்து நிமிடத்தில் திரும்பப் போடலாம். ஆன்டிஹிஸ்டமினும் ஸ்டீராய்டும் அதற்குப் பிறகுதான். அவற்றைத் தேடிக்கொண்டு அட்ரினலினைத் தள்ளிப்போடுவது பெரிய ஆபத்து. அடங்கிய எதிர்வினை சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் வரலாம் என்பதால் கண்காணிப்பு தொடர வேண்டும். டியூட்டியில் ஏறியதும் அட்ரினலின் எந்த ட்ரேயில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடுவது நல்ல பழக்கம்.

எல்லாத் தடிப்பும் இப்படி அவசரமானதில்லை. அமாக்சிசிலினில், முக்கியமாகக் குழந்தைகளுக்கு, மருந்து ஆரம்பித்து மூன்றாம் நாளுக்குப் பிறகு, சில சமயம் ஒரு வாரம் கழித்து, மார்பிலும் முதுகிலும் தொடங்கி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பரவும் சின்னச் சின்னப் புள்ளிகள் வருவதுண்டு. மூச்சுக்குத் தொந்தரவு இருக்காது, குழந்தை விளையாடிக்கொண்டிருக்கும். சுரப்பிக் காய்ச்சல் எனப்படும் மோனோநியூக்ளியோசிஸ் இருப்பவர்களுக்கு இந்த மருந்தைக் கொடுத்தாலும் இப்படித் தடிக்கும். இதற்கு மாறாக, காணாக்கடி என்பது மேலெழும்பிய, கடுமையாக அரிக்கும் திட்டு. ஓரிடத்தில் மறைந்து வேறிடத்தில் கிளம்பும், பெரும்பாலும் டோஸ் போன உடனேயே. தோல் கருப்பாக இருப்பவர்களிடம் சிவப்பு எளிதில் தெரியாது. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள், விரலால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடு கைக்குத் தெரியும். எந்தத் தடிப்பானாலும் அடுத்த டோஸுக்கு முன் டாக்டருக்குச் சொல்ல வேண்டும். தடிப்போடு காய்ச்சல், தோலில் வலி, கொப்புளம், வாயிலோ கண்ணிலோ புண், முக வீக்கம் இருந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. எந்த நாளில், எத்தனையாவது டோஸுக்குப் பின், எங்கே ஆரம்பித்தது என்று எழுதி வையுங்கள். பிற்காலத்தில் "இது அலர்ஜியா இல்லையா" என்று தீர்மானிக்கப் போகும் டாக்டருக்கு உங்கள் அந்த மூன்று வரிதான் ஆதாரம்.

மருந்து சிறுநீரகம் வழியாகப் போகிறது என்றேன் அல்லவா? அதனால் வயதானவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் கொடுக்கும் முன் கிரியேட்டினின் ரிப்போர்ட்டைப் பாருங்கள். சிறுநீரகம் எவ்வளவு வேகமாக வடிகட்டுகிறது என்று காட்டும் கிரியேட்டினின் கிளியரன்ஸ் நிமிடத்துக்கு 30 மி.லி.க்குக் கீழே இருந்தால் 875 மி.கி. மாத்திரை கொடுப்பதில்லை, டோஸையும் இடைவெளியையும் டாக்டர் மாற்றுவார். உடம்பில் மருந்து மிக அதிகமாகத் தேங்கினால் வலிப்புகூட வரலாம். நோயாளி ஏற்கெனவே எடுக்கும் மருந்துகளில் மூன்றைக் கண் தேடட்டும்: மெத்தோட்ரெக்சேட் (அது உடம்பில் தேங்கி நஞ்சாகலாம்), ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் (ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் ஏறலாம், ரத்தக் கசிவைப் பாருங்கள்), யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அல்லோபூரினால் (தடிப்பு வரும் வாய்ப்பு கூடும்). கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் பொதுவாகப் பயமில்லாமல் கொடுக்கும் மருந்து இது. பால் குடிக்கும் குழந்தைக்கு வயிற்றுப்போக்கோ வாயில் வெண்படலமோ வருகிறதா என்று மட்டும் தாயைப் பார்க்கச் சொல்லலாம்.

சில பாக்டீரியா அமாக்சிசிலினை உடைத்துவிடாமல் காக்க அதோடு கிளாவுலானிக் அமிலத்தைச் சேர்ப்பதுண்டு. அப்படிச் சேர்ந்த மாத்திரையில் ஒரு நுணுக்கம். 250/125, 500/125 என்ற இரண்டு அளவை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் கிளாவுலானிக் அமிலம் அதே 125தான். 500 ஸ்டாக் இல்லை என்று 250ஐ இரண்டாகக் கொடுத்தால் கிளாவுலானிக் அமிலம் இரட்டிப்பாகி வயிற்றுப்போக்கு கூடும். இந்தக் கூட்டு மருந்தைச் சாப்பிட ஆரம்பிக்கும்போது கொடுப்பது நல்லது. தனி அமாக்சிசிலினை எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம். இதுவே ஊசியாக, 1.2 கிராம் மருந்துக் குப்பி (vial) என்றால், கரைத்த பின் சீக்கிரம் செலுத்திவிட வேண்டும், நேரமானால் வீரியம் போய்விடும். மெதுவாக மூன்று நான்கு நிமிடத்தில், அல்லது சலைனில் கலந்து அரை மணி நேரத்துக்கு மேல். குளுக்கோஸ் திரவத்தில் கலக்க வேண்டாம். ஜென்டாமைசின் போன்ற வேறு வகை ஆன்டிபயாட்டிக்கோடு ஒரே சிரிஞ்சிலோ ஒரே பாட்டிலிலோ சேர்க்கவே கூடாது. ஒன்று மற்றொன்றைச் செயலிழக்க வைத்துவிடும். எந்தக் கிருமி என்று கண்டறியும் கல்ச்சர் பரிசோதனைக்கு எடுக்கச் சொல்லியிருந்தால் முதல் டோஸுக்கு முன் எடுத்துவிடுங்கள். ஆனால் தொற்று உடம்பு முழுக்கப் பாதிக்கும் செப்சிஸ் நோயாளிக்கு ரத்தம் எடுக்க முடியவில்லை என்று மருந்தைத் தாமதிக்க வேண்டாம்.

இனி வயிற்றுப்போக்கு. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை இளகிப் போவது சகஜம், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னால் போதும். அடிக்கடி நீராகப் போனாலோ, வயிறு பிடித்து வலித்தாலோ, காய்ச்சலோ ரத்தமோ இருந்தாலோ கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமியை நினைக்க வேண்டும். மருந்தை நிறுத்தி இரண்டு மாதம் ஆன பிறகும் இது வரலாம். அப்போது பேதியை நிறுத்தும் மாத்திரையை யாரும் தானாகக் கொடுத்துவிடக் கூடாது. கொடுத்தால் அந்தக் கிருமியின் நஞ்சு குடலிலேயே தங்கிவிடும். இந்தக் கிருமியின் வித்துகள் ஆல்கஹால் ஹேண்ட் ரப்பில் சாவதில்லை. கையைச் சோப்புப் போட்டுத் தண்ணீரில்தான் கழுவ வேண்டும்.

குழந்தைகளுக்கான சிரப்பில்தான் வீட்டில் தவறு நடக்கிறது. 5 மி.லி.க்கு 125 மி.கி., 250 மி.கி. என்று வெவ்வேறு வீரியத்தில் வருகிறது. "ஒரு ஸ்பூன்" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் குழந்தைக்குப் பாதி மருந்தும் போகலாம், இரட்டிப்பும் போகலாம். அளவை மி.லி.யில் சொல்லி, ஓரல் சிரிஞ்சில் அந்தக் கோட்டைக் காட்டி, தாயையே ஒரு முறை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். பாட்டிலில் பவுடராகத்தான் வரும், கொதிக்க வைத்து ஆற வைத்த தண்ணீரை அதில் உள்ள கோடு வரை ஊற்ற வேண்டும். முதலில் பவுடரைத் தட்டித் தளர்த்திவிட்டு, பாதி ஊற்றிக் குலுக்கி, பிறகு மீதியை ஊற்ற வேண்டும். நுரை அடங்கிய பின் கோட்டைத் திரும்பச் சரிபார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் குலுக்காவிட்டால் முதல் நாட்களில் வெறும் தண்ணீரும் கடைசி நாட்களில் கெட்டி மருந்தும் போகும். கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த சிரப் கட்டாயம் ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டும். லேபிளில் போட்டிருக்கும் நாள் கடந்தால் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். கலக்கிய தேதியைப் பாட்டிலிலேயே எழுதிக் கொடுங்கள். சிரிஞ்சை நாக்கின் மேல் வைக்காமல் கன்னத்தின் உள்பக்கமாக வைத்து மெதுவாக விட்டால் குழந்தை துப்பாது, புரையும் ஏறாது.

டிஸ்சார்ஜ் பேச்சில் எல்லோரும் சொல்வது "முழு கோர்ஸையும் முடிங்க" என்பது. இந்த எச்சரிக்கைக்கு வயது அதிகம். பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங், 1945ஆம் ஆண்டு நோபல் உரையிலேயே, போதாத அளவு மருந்து எடுத்தால் கிருமிகள் அதற்குப் பழகித் தப்பிக்கும் என்று சொல்லிவிட்டார். ஆனால் "எத்தனை நாள் அதிகமோ அவ்வளவு நல்லது" என்பதும் சரியில்லை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் தொண்டை அழற்சிக்கு, இதயத்தைப் பாதிக்கக்கூடிய ருமாட்டிக் காய்ச்சல் வராமல் தடுக்க, வழக்கமாகப் பத்து நாள் கொடுக்கிறார்கள். சாதாரண நிமோனியாவில் நன்றாகத் தேறிவருபவருக்கு ஐந்து நாளே போதுமென்று ஆகியிருக்கிறது. எனவே நான் சொல்வது: "எழுதிக் கொடுத்த நாள் வரை எடுங்க, காய்ச்சல் விட்டதென்று நீங்களாக நிறுத்த வேண்டாம், நிறுத்தத் தோன்றினால் எங்களிடம் கேளுங்க." இரண்டு மூன்று நாளாகியும் காய்ச்சல் குறையவில்லை என்றால் காத்திருக்காமல் திரும்ப வரச் சொல்லுங்கள். மிச்ச மாத்திரையை அடுத்த முறைக்கென்று எடுத்து வைக்கவோ, வீட்டில் வேறொருவருக்குக் கொடுக்கவோ வேண்டாம் என்பதையும் வாய் திறந்து சொல்லத்தான் வேண்டும். சொல்லாவிட்டால் அதுதான் நடக்கும்.

ஒரு டோஸ் மறந்துவிட்டால்? நினைவு வந்ததும் எடுக்கலாம். அடுத்த டோஸ் நேரம் நெருங்கிவிட்டால் மறந்ததை விட்டுவிட வேண்டும், இரண்டைச் சேர்த்து விழுங்கக் கூடாது. மதுவோடு எடுத்தால் பயங்கர எதிர்வினை வரும் என்பது மெட்ரோனிடசோல் என்ற வேறொரு ஆன்டிபயாட்டிக்குக்குச் சொல்வது, இதற்கில்லை. ஆனாலும் காய்ச்சலில் படுத்திருப்பவர் குடிக்காமல் இருப்பதே மேல்.

கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த மாத்திரையோடு வீட்டுக்குப் போகிறவர்களிடம், முக்கியமாக வயதான ஆண்களிடம், ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள். கல்லீரலில் பித்தம் தேங்கி மஞ்சள் காமாலை வருவது இந்த மருந்தில் அரிதாக உண்டு. அது மாத்திரை எடுக்கும்போது வராமல், கோர்ஸ் முடிந்து சில வாரம் கழித்தும் தலைகாட்டும். உடம்பெல்லாம் அரிப்பு, சிறுநீர் அடர்மஞ்சளாகப் போவது, கண் மஞ்சளாவது என்று வரும்போது அவருக்கு அந்தப் பழைய மாத்திரை ஞாபகமே இருக்காது, பார்க்கும் டாக்டருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால் டிஸ்சார்ஜ் சீட்டில் மருந்தின் பொதுப் பெயர், ஆரம்பித்த தேதி, முடித்த தேதி மூன்றையும் தெளிவாக எழுதிக் கொடுத்து, அடுத்த சில மாதங்களில் எந்த டாக்டரிடம் போனாலும் அந்தச் சீட்டை எடுத்துப் போகச் சொல்லுங்கள்.